/பூட் நிரம்பி ஆப்ட் பாதியில் நின்றுவிட்டது, ஆட்டோரிமூவும் ஓட மாட்டேன் என்கிறது

வெண்பலகை:
உபுண்டு 22.04. டிஸ்க் என்கிரிப்ஷனோடு நிறுவியதால், கர்னலும் பூட் ஃபைல்களும் இருக்கும் /பூட் தனிப் பார்ட்டிஷன், மொத்தம் 488 எம்பி. கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 5.15.0-101 ஏறும்போது இடமில்லை என்று சொல்லி, இனிட்ஆர்டியை (பூட்டின் தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் ஃபைல்) உருவாக்கும் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கான்ஃபிகர் ஆகாமல் நின்றது. இப்போது எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும், பேக்கேஜ் நிறுவும் கருவியான ஆப்ட் "ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்" போடச் சொல்கிறது. போட்டால் அதே இடத்தில் மறுபடி நிற்கிறது. தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவோ டிபெண்டென்சி (பேக்கேஜ்கள் ஒன்றையொன்று நம்பியிருப்பது) சரியில்லை என்று மறுக்கிறது. /பூட்டில் -91, -94, -97 கர்னல்கள் இருக்கின்றன. இப்போது ஓடுவது -97. பழைய இனிட்ஆர்டி ஃபைலை ஆர்எம் (ஃபைல் அழிக்கும் கட்டளை) போட்டுத் தூக்கிவிடலாமா?
(கட்டளைகளை உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன்.)

குறுக்குவழி:
தூக்கிடுங்க, ஒண்ணும் ஆகாது. லாக் இருக்குன்னு சொன்னா /வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃப்ரண்டெண்ட் ஃபைலையும் அழிச்சிட்டு திரும்ப ஓட்டுங்க.

மூலநிரல்:
லாக் ஃபைலை மட்டும் தொடாதீர்கள். அந்த ஃபைல் எப்போதும் அங்கேதான் கிடக்கும்; அது இருப்பதே பூட்டு என்று அர்த்தமில்லை. ஓடும் ப்ராசஸ் ஒன்று கர்னலிடம் வாங்கி வைத்திருப்பதுதான் பூட்டு, ப்ராசஸ் செத்தால் தானே விடுபடும். ஃபைலை அழித்தால் அடுத்த டிபிகேஜி (ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜை நிறுவும் கருவி) புது ஃபைல் உண்டாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரே டேட்டாபேஸில் இரண்டு பேர் எழுதுவார்கள். பிழைச் செய்தியிலேயே ப்ராசஸ் எண் இருக்கும். பெரும்பாலும் தானாக ஓடும் அப்டேட்டான அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸாக இருக்கும், முடியும்வரை பொறுத்தால் போதும்.

இப்போது உங்கள் விஷயம். கணக்கைப் பாருங்கள்: 22.04-இல் ஒரு கர்னலுக்கு விஎம்லினஸ் (கர்னல் ஃபைல்) சுமார் 11 எம்பி, சிஸ்டம்.மேப் 6, இனிட்ஆர்டி 100-க்கு மேல். மூன்று கர்னலுக்கே 360 எம்பி போய்விடும். நான்காவதுக்கு விஎம்லினஸும் மேப்பும் நுழைந்துவிட்டன, இனிட்ஆர்டிக்குத்தான் இடமில்லை. அதனால்தான் பேக்கேஜ் பிரிக்கப்பட்டு, கான்ஃபிகர் ஆகாமல் தொங்குகிறது. டிபிகேஜி -எல் பட்டியலில் அந்த வரியின் தொடக்கத்தில் இரண்டாவது எழுத்து பெரிய எஃப்பாக இருக்கும், அதாவது பாதி கான்ஃபிகர். முதல் எழுத்து ஆர், அடுத்தது சி என்று வரும் வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். நீக்கிய பேக்கேஜின் அமைப்பு ஃபைல் மட்டும் மிச்சம் என்று பொருள், /பூட்டில் இடம் பிடிக்காது.

ஆப்ட் முதலில் டிபெண்டென்சியைச் சரிசெய்யப் பார்க்கும், அதற்கு இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் ஆட்டோரிமூவ் ஓட வேண்டும். இந்தச் சுழலை உடைக்க ஆப்ட்டை விட்டு நேராக டிபிகேஜிக்குப் போங்கள்.

யூநேம் -ஆர் போட்டு -97 தான் ஓடுகிறது என்று இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு, -91ஐ எடுங்கள்:

சூடோ டிபிகேஜி --பர்ஜ் லினக்ஸ்-இமேஜ்-5.15.0-91-ஜெனரிக் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-5.15.0-91-ஜெனரிக் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா-5.15.0-91-ஜெனரிக்

மூன்றையும் ஒரே வரியில் கொடுக்க வேண்டும். எக்ஸ்ட்ரா இமேஜை நம்பியிருக்கிறது, இமேஜ் மாட்யூல்ஸை நம்பியிருக்கிறது. நம்பியிருக்கும் பேக்கேஜை விட்டுவிட்டு, நம்பப்படுவதை மட்டும் எடுக்கப் போனால் டிபிகேஜி மறுத்துவிடும். ஹெடர்ஸ் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சியில் இருப்பதால் இப்போதைக்கு விட்டுவிடலாம். லினக்ஸ்-ஜெனரிக் என்ற எண் இல்லாத பேக்கேஜை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது போனால் அடுத்த கர்னல் அப்டேட் வராது.

பிறகு சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, அடுத்து ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால், கடைசியில் டிபிகேஜி --ஆடிட். ஆடிட் எதுவும் அச்சிடாமல் திரும்பினால் சரியாகிவிட்டது.

ஆர்எம் ஏன் வேண்டாம் என்றால், இனிட்ஆர்டி எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை, நிறுவும்போது உங்கள் மெஷினிலேயே உருவாகிறது. அதை மட்டும் அழித்தால் டிபிகேஜி கணக்கில் -91 அப்படியே இருக்கும், கிரப் (எந்தக் கர்னலில் பூட் ஆவது என்று கேட்கும் பூட்லோடர்) மெனுவிலும் இருக்கும்; தேர்ந்தெடுத்தால் பூட் ஆகாது. பர்ஜ் போட்டால் அதன் ஸ்கிரிப்டே இனிட்ஆர்டியையும் நீக்கி, கிரப்பையும் புதுப்பித்துவிடும்.

திண்ணைவாசி:
மூலநிரல் சொன்னதோட ஒண்ணு. -91 ஏன் இவ்வளவு நாள் போகாம இருந்துச்சுன்னு பாருங்க. 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் | கிரெப் லினக்ஸ்-இமேஜ்' போடுங்க. எண்ணோட ஏதாவது வந்தா, யாரோ கையால நிறுவினதுன்னு ஆப்ட் நினைச்சுக்கிட்டு இருக்கு. ஆட்டோரிமூவ் அதைத் தொடவே தொடாது. ஆப்ட்-மார்க் ஆட்டோ போட்டு மாத்திடுங்க.

வெண்பலகை:
-91 போனதும் 193 எம்பி காலி. கான்ஃபிகர் முழுதாக ஓடியது, ஆடிட் வெறுமை. ரீபூட்டுக்குப் பின் -101 ஓடுகிறது. ஷோமேனுவலில் -94 இருந்தது, ஆட்டோவாக்கி ஆட்டோரிமூவ் --பர்ஜ் போட்டேன், அதுவும் போனது. இப்போது 210 எம்பி காலி. இந்த 488 எம்பியிலேயே காலம் தள்ளலாமா?

மூலநிரல்:
தள்ளலாம், ஆனால் இறுக்கம். ஓடுவது, முந்தையது, புதிதாக வருவது என்று மூன்று கர்னல் சற்று நேரமாவது சேர்ந்து இருக்கும். அதற்கு மேல், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் பழைய ஃபைலின் மேல் எழுதாது, '.நியூ' என்ற பெயரில் புதிதாகக் கட்டி முடித்துத்தான் பெயர் மாற்றும். ஆக, இன்னொரு 105 எம்பி எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

இடம் இன்னும் வேண்டுமென்றால் /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் ஃபைலில் மாட்யூல்ஸ்=மோஸ்ட் என்பதை டெப் ஆக்குங்கள். கட்டும் நேரத்தில் மெஷினில் உள்ள ஹார்ட்வேருக்கான டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும், அளவு வெகுவாகக் குறையும். டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம், அதுதான் விலை. அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ என்று மட்டும் போட்டால் புதிய கர்னலுக்கு மட்டுமே மாறும், -97 பழைய மோஸ்ட் இனிட்ஆர்டியோடு அப்படியே நிற்கும். -101 எழும்பாவிட்டால் கிரப்பில் -97ஐத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம். அதனால் முதல் தடவை '-கே ஆல்' (எல்லாக் கர்னலுக்கும்) சேர்க்காதீர்கள்.