கரிசல் மண்ணில் ஜல்லி புதைகிறது: நெய்த ஜியோடெக்ஸ்டைலா, நெய்யாததா?

கேள்வி:

வணக்கம். சாத்தூருக்கு அருகே கரிசல் நிலத்தில் உள்ள ஒரு குடோனின் லாரிப் பாதையைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. சக்கரத்தடத்தில் தோண்டிப் பார்த்தபோது ஜல்லி களிக்குள் இறங்கி, களி ஜல்லியின் இடுக்குகளை நிறைத்திருந்தது. பாதையோர வடிகாலில், துளையிட்ட பி.வி.சி. குழாய்க்குத் துணி சுற்றிப் புதைத்திருக்கிறார்கள். அதிலும் நீர் வரவில்லை. மண்ணுக்கடியில் விரிக்கும் செயற்கை இழைத் துணியான ஜியோடெக்ஸ்டைல் வாங்கப் போனால், நெய்ததோ நெய்யாததோ, 200 ஜி.எஸ்.எம். இருந்தால் போதும் என்கிறார் கடைக்காரர். பாதையின் அடி, ஓர வடிகால் என இரண்டு இடத்துக்கும் ஒரே துணி போதுமா?

பதில் 1:

போதாது ஐயா. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை மட்டுமே. வலிமை எவ்வளவு, கண்துளை எவ்வளவு, நீர் எவ்வளவு எளிதாகக் கடக்கும் என்பவற்றை அது சொல்லாது. தயாரிப்பாளரின் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பாதையின் அடியில் துணிக்கு முதல் வேலை, ஜல்லியும் களியும் கலக்காமல் பிரித்து வைப்பது. நனைந்த கரிசலின் சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் சதவீத எண்) பெரும்பாலும் 3-க்கும் கீழே இருப்பதாலும், லாரிச் சுமை வருவதாலும், குறைந்த நீட்சியிலேயே இழுவிசையைத் தாங்கும் நெய்த துணியை அங்கே நான் தேர்ந்தெடுப்பேன். ஓர வடிகாலுக்கோ ஊசிகுத்து முறையில் (இழைகளை ஊசிகளால் குத்திப் பின்னவிட்டு) செய்த நெய்யாத துணிதான் ஏற்றது; அது மண்துகளைத் தடுத்து நீரை விடும்.

குழாயின் மேலேயே துணியைச் சுற்றினால், நீர் முழுவதும் துளைகளுக்கு நேரே உள்ள சிறு பரப்பின் வழியாகவே நுழைய வேண்டியிருப்பதால், அந்த இடங்கள் விரைவில் அடைத்துக்கொள்ளும். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் துணியை விரித்து, உள்ளே கழுவிய ஜல்லியையும் குழாயையும் வைத்து, மேலே துணியை மடித்து மூடுங்கள்.

விரிக்கும்போது, சி.பி.ஆர். 1 முதல் 3 வரை இருந்தால், அடுத்தடுத்த துணிகளின் ஓரங்கள் 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். வெறும் துணியின் மேல் லாரி ஏறக் கூடாது; முன்பே பரப்பிய ஜல்லியின் மேல் நின்று கொட்டி, முன்னோக்கித் தள்ள வேண்டும். குறைந்தது 150 மி.மீ. ஜல்லி மூடிய பிறகே வண்டியை விடுங்கள். வெயிலில் இழை நலிவதால் 14 நாள்களுக்குள் மூடிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. கரிசலில் முதலில் சுண்ணாம்பு கலக்கவும் எண்ணம் உண்டு. கடையில் உள்ள நெய்த துணி பாலியெஸ்டர் என்கிறார்கள். அதனால் தொல்லை வருமா?

பதில் 2:

வரும். சுண்ணாம்பு கலந்த மண்ணின் கடுமையான காரத்தன்மையில் பாலியெஸ்டர் இழை நீராற்பகுப்பால் (நீரோடு வினைபுரிந்து சிதைவதால்) வலுவிழக்கும். பாலிப்ரொப்பிலீன் அதைத் தாங்கும். எனவே பாலிப்ரொப்பிலீன் துணியையே கேளுங்கள். ஐயம் இருந்தால் சிறு துண்டை வெட்டி, காற்றுக் குமிழ் போகும்படி நீருக்குள் பிழிந்து விடுங்கள். நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.91 என்பதால் மிதக்கும், 1.38 அளவுள்ள பாலியெஸ்டர் மூழ்கும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். கரிசல் நனைந்தால் உப்புவதையும் காய்ந்தால் வெடிப்பதையும் இந்தத் துணி தடுக்காது. சுண்ணாம்பு அதைக் குறைக்கும் என்றாலும், பாதையின் நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரிவு கொடுத்து, ஓர வடிகாலின் கடைமுனையைத் தாழ்வான இடத்தில் திறந்துவிடாவிட்டால், எத்தனை விலையுயர்ந்த துணியை விரித்தாலும் பாதை மீண்டும் மேடு பள்ளமாகும். ஆகவே துணி வாங்குவதற்கு முன், நீர் எங்கே வெளியேறும் என்பதை மட்டக்கருவி வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.