நஞ்சு அம்பால் கொன்ற இறைச்சியை சான் மக்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

கேள்வி – வெண்ணிலவன்:
ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துச் சான் வேடர்கள் அம்பில் நஞ்சு தடவி மானை வீழ்த்துகிறார்கள். அப்புறம் அதே இறைச்சியைக் குழந்தைகள் உட்பட எல்லோரும் சாப்பிடுகிறார்கள். ஒன்றும் ஆகாதா?

கதிரொளி:
அது இரத்தத்தில் கலந்தால்தான் கொல்லும், வயிற்றுக்குள் போனால் கேடில்லை. அம்பு தைத்த இடத்துச் சதையை மட்டும் வெட்டி எறிந்துவிடுவார்கள்.

மணற்காடன்:
கதிரொளி சொல்வது சரி. நான் நமீபியாவின் விண்ட்ஹூக்கில் வேலை பார்த்தபோது ஒருமுறை சும்க்வே பக்கம் ஜுஹோவான்சி ஊர் ஒன்றுக்குப் போயிருந்தேன். சான் மக்களில் அவர்கள் ஒரு பிரிவு. நஞ்சு ஏதோ மூலிகைச் சாறு என்றுதான் நினைத்திருந்தேன். அங்கிருந்த பெரியவர் ஒரு புதரின் வேரடியைத் தோண்டி, மண் உருண்டை மாதிரி சில கூடுகளை எடுத்தார். உள்ளே ஒரு வண்டின் புழு! அதைப் பிதுக்கி அம்பில் தடவினார். முனையில் இல்லை, முனைக்குப் பின்னால் இருக்கும் தண்டில். வேடனே தவறிக் குத்திக்கொண்டாலும் பிழைக்க வேண்டுமே. நான் ஆர்வத்தில் விரலை நீட்ட, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார்.

வில் சின்னது, அம்புக்கு இறகும் கிடையாது. அதனால் மிக நெருங்கித்தான் எய்ய வேண்டும். பட்ட விலங்கு அங்கேயே விழாது. நஞ்சு சிவப்பணுக்களை மெல்ல உடைக்கும். பெரிய மானுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். வேடர்கள் குடிலுக்குத் திரும்பி, மறுநாள் தடம் பார்த்துப் போவார்கள். என்னைக் கேட்டால் உண்மையான திறமை தடம் பார்ப்பதில்தான் இருக்கிறது, எய்வது இரண்டாம்பட்சம்தான்.

இன்னொன்று. இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவனுக்கு இல்லை, அம்பு யாருடையதோ அவருக்குத்தான். அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதால், வேட்டைக்கே போகாத கிழவரோ ஒரு பெண்ணோ கூடப் பங்கு பிரிப்பவராகிவிடலாம். எய்தவன் பெருமையடிக்கவும் கூடாது. ‘வெறும் எலும்பு, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்று கூட வந்தவர்களே கிண்டல் செய்வார்கள்.

வெண்ணிலவன்:
நன்றி ஐயா. இப்போதும் வேட்டையாடுகிறார்களா?

மணற்காடன்:
நமீபியாவின் நியே நியே பகுதியில் வேட்டையாடுகிறார்கள். அங்கே 1998 முதல் அவர்களே நடத்தும் காப்புப் பகுதி இருக்கிறது, பழைய முறை வேட்டைக்கு அனுமதி உண்டு. எல்லை தாண்டி போட்ஸ்வானாவில் கதை வேறு. மத்திய கலஹாரி காப்பகத்திலிருந்து 1997இலும் 2002இலும் வெளியேற்றப்பட்டார்கள். 2002இல் வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அது சரி, வேட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் போன அன்று ஒரு விலங்கும் சிக்கவில்லை. சாப்பிட்டது பெண்கள் பொறுக்கி வந்த மொங்கொங்கோ கொட்டைதான். கல்லில் வைத்து ஒரே தட்டில் உடைக்கிறார்கள். நான் தட்டியதில் நசுங்கியது என் கட்டைவிரல்.