ஊட்டி, கொடைக்கு ஆப் ட்ரிப் ஏத்துன டிரைவருங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

குன்னூர்க்காரன்:
நான் கோயமுத்தூர்ல ஆப்ல கார் ஓட்டறேனுங்க, வண்டி டிஎன் 66. 2025 மே சீசன்ல ஒரு சனிக்கிழமை பீளமேடு ஏர்போர்ட்ல இருந்து ஊட்டி ட்ரிப் விழுந்துச்சு, குடும்பத்தோட வந்திருந்தாங்க. மலைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு எடுக்கற இ-பாஸ் இருக்குங்களான்னு ஏறும்போதே கேட்டேன், எடுத்தாச்சுன்னாங்க. கல்லாறு செக்போஸ்ட்ல போன நீட்டுனா அதுல இருக்கறது வேற வண்டி நம்பரு. பாஸுக்கு வண்டி நம்பர் போடணும், ஆனா எந்த வண்டி வரும்னு ஆப் கடைசி நிமிசத்துல தான காட்டுது, அவங்களும் என்ன பண்ணுவாங்க, முன்னாடி புக் பண்ணி கேன்சலான வண்டி நம்பர்ல எடுத்து வெச்சிருக்காங்க. புதுசா போடலாம்னு பாத்தா அன்னைக்கு கோட்டா முடிஞ்சுருச்சு. அந்த சீசன்ல வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000 வண்டின்னு ஐகோர்ட் லிமிட் போட்டிருந்துச்சுல்ல. திருப்பி மேட்டுப்பாளையம் வந்து பஸ் ஸ்டாண்டுல இறங்கிக்கிட்டாங்க, காசு தரல, கம்ப்ளைண்டும் போட்டுட்டாங்க. மறுநாள் காலைல ஐடி பிளாக். வராத காசுக்கு கமிஷனும் பிடிச்சுட்டாங்க. சப்போர்ட்டுக்கு எழுதுனா ஒரே பதில் தான் திரும்பத் திரும்ப வருது, "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது". செக்போஸ்ட்ல நடந்தத வாயத் தொறந்து சொல்லலாம்னா கேக்கறதுக்கு ஒரு மனுசன் இல்லீங்க அங்க. வண்டி டியூ மட்டும் தேதிக்கு கரெக்டா போயிடுது.

ஊட்டி ஸ்டாண்டு:
நான் லோக்கல், டிஎன் 43. ஆப் வண்டி மலைக்கு வந்து ஆள் ஏத்துனா நாங்க மறிக்கறது உண்மைதான், மறைக்கல. ஏப்ரல் மே ரெண்டு மாசம் ஓடறத வெச்சுத்தான் மழைக்காலத்த ஓட்டணும், பெர்மிட்டு, வண்டி தகுதிச் சான்று எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் அதுல இருந்துதான் கட்டறோம். ஒரு தடவ கார்டன் பக்கத்துல ஒரு தம்பி வண்டிய நிறுத்தி சத்தம் போட்டோம். அவன் பதில் பேசாம போன எடுத்துக் காட்டுனான், கஸ்டமர் கட்டுனது ஒண்ணு, இவன் கைக்கு வந்தது ஒண்ணு, நடுவுல போனது டீசல் காசவிட ஜாஸ்தி. சீசன்ல ஏர்றது பர்லியார் வழி, இறங்கறது கோத்தகிரி வழின்னு ஒன்வே, சுத்து ஜாஸ்தி. அவனுக்கு கணக்கு போட்டது போற கிலோமீட்டருக்கு மட்டும், திரும்பறது முழுக்க எம்ப்டி. இறக்கம் பூரா செகண்ட் கியர்லயே புடிச்சுட்டு வரணும், பிரேக்க மிதிச்சுட்டே வந்தா சூடாகி பிடிக்காது, பேடும் தேஞ்சுரும், அந்த செலவெல்லாம் எந்த ஆப்புக்கு தெரியும்? அவன்கிட்ட சண்டைக்கு நின்னதுல எனக்கு ஒரு ரூபா கூட வரல. ரேட்ட கொறச்சவன் ஊட்டி பக்கமே வந்ததில்ல, ரோட்ல நின்னு அடிச்சுக்கறது நாங்க ரெண்டு பேரு.

வத்தலக்குண்டு அண்ணே:
கொடை பக்கமும் இதே கததாண்ணே. மதுரைல சாயங்காலம் ட்ரிப் வரும், அக்செப்ட் பண்ணி கஸ்டமருக்கு போன் போட்டாத்தான் கொடைன்னே தெரியும். வேணாம்னு கேன்சல் பண்ணா அடுத்து ட்ரிப் குடுக்க மாட்டாய்ங்க. ராத்திரி மேல விட்டுட்டு எங்க படுக்க? லாட்ஜுல டிரைவருக்கு ரூம் இல்லம்பாய்ங்க. டிசம்பர்ல ஏரிக்கரை ஓரமா வண்டிக்குள்ளயே சுருண்டு படுத்தேன், கண்ணாடி உள்பக்கமெல்லாம் தண்ணி கோத்து நிக்குது, கால் வெறச்சுப் போச்சு. பேட்டான்னு ஒண்ணே கிடையாது. ஸ்டாண்டு வண்டில போனா பார்ட்டியே பேட்டா குடுக்கும், இங்க கேட்டா ஸ்டார கொறச்சுருவாக.

சங்கத்துல இருக்கேன்:
இத படிக்கற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். இங்கிலாந்துல உபர் கேஸ்ல 2021 பிப்ரவரி 19 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, டிரைவருங்க தொழிலாளிதான், குறைஞ்சபட்ச கூலியும் சம்பளத்தோட லீவும் உண்டுன்னு. ஏன்னா ரேட் போடறது கம்பெனி, ட்ரிப் மறுத்தா தண்டிக்கறது கம்பெனி, ரேட்டிங் வெச்சு வெளிய தள்ளறதும் கம்பெனி. மேல மூணு பேரும் சொன்னது அப்படியே அதுதான். நம்ம ஊர்ல 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்துலயே நம்மள மாதிரி ஆப் வழியா வேலை பாக்கறவங்களுக்கு கிக் தொழிலாளிங்கற பேர் வந்துருச்சு, அமலுக்கு வந்தது என்னவோ 2025 நவம்பர் 21ல. கம்பெனி வருச டர்னோவர்ல 1ல இருந்து 2 சதவீதம் நம்ம நிதிக்கு கட்டணும். 2025 ஜூலைல வந்த மத்திய வழிகாட்டுதல், சொந்த வண்டின்னா கட்டணத்துல 80 சதவீதமாவது டிரைவருக்குன்னு சொல்லுது, மாநிலம் அத ஏத்து அமல்படுத்தணும், அதுக்குத்தான் நாம கத்தணும். தமிழ்நாட்டுல 2023லயே தனி நலவாரியம் போட்டாச்சு, பதியாதவங்க பதிஞ்சுருங்க. எனக்கு இதுல பெரிய கோவம், மலைக்கு திரும்பி வர்ற எம்ப்டி கிலோமீட்டர பத்தி யாருமே பேசறதில்லங்கறதுதான். குன்னூர் தம்பி, பிளாக் எடுத்தாங்களா?

குன்னூர்க்காரன்:
எடுத்தாங்கண்ணா, பிடிச்ச காசு மட்டும் வரல. செக்போஸ்ட்ல எடுத்த போட்டோ, அந்த பாஸ் ஸ்கிரீன்ஷாட் ரெண்டும் வெச்சிருக்கேன். லேபர் ஆபீஸ்ல மனு எழுத என்னென்ன வேணும்னு சொல்லுங்க, திங்கக்கெழம போறேன். ஊட்டி அண்ணனும் கூட வர்றேன்னு மெசேஜ் போட்டிருக்காரு.