கலைச்சொல்: அபோப்டோசிஸ் – 'செல் தற்கொலை' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

பழுதான அல்லது தேவையில்லாத செல் தன்னைத்தானே முறையாக முடித்துக்கொள்வதுதான் அபோப்டோசிஸ். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே நடக்கும் விவாதத்தில் 'செல் தற்கொலை'க்கு ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. எனக்கு உடன்பாடில்லை. போன வாரம் காசிமேட்டில் என் அத்தையிடம் ஒரு இரத்தப் புற்றுநோய் மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "செல்லைத் தற்கொலை பண்ண வைக்கும்" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "வேற வார்த்தையே கெடைக்கலயாடா உனக்கு?" நியாயம்தானே!

1972இல் கெர், வில்லி, கரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ஒருவரைக் கேட்டுத்தான் அபோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலையோ பூவிதழோ உதிர்வதற்கான சொல் அது. நம்மிடம் 'உதிர்வு' இருக்கிறதே! 'செல் உதிர்வு' என்பது என் பரிந்துரை.

நசிவோடு (நெக்ரோசிஸ், அதாவது செல் காயம்பட்டுச் சாவது) குழம்பாது. நசிவில் செல் வீங்கி உடையும், உள்ளே இருப்பது கொட்டி அழற்சி வரும். உதிர்வில் செல் சுருங்கிச் சிறுசிறு பொட்டலங்களாகும், அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும்.

மைட்டோகாண்ட்ரியாவை (இழைமணி என்பதே எனக்குப் பிடித்தம்) செல்லின் ஆற்றல் நிலையம் என்றே படித்ததால், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதான் ஞாபகம் வருகிறது. ஆனால் செல்லை இழுத்து மூடும் சாவியும் அங்கேதான். செல் பழுதானால் பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் இழைமணியின் வெளிச்சவ்வில் ஓட்டை போடும். சைட்டோகுரோம் சி வெளியே கசியும். அப்புறம் காஸ்பேஸ் நொதிகள் செல்லைத் துண்டு போட ஆரம்பிக்கும். சில புற்றுநோய்களில் பிசிஎல்-2 புரதம் பெருகி, ஓட்டை விழாமல் தடுத்துக்கொண்டே இருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வெனிட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரை பிசிஎல்-2இன் பிடியை விடுவிக்கிறது. எப்போதோ உதிர்ந்திருக்க வேண்டிய செல் அப்போது உதிர்கிறது. அதைத் தற்கொலை என்பானேன்?

இந்த விவாதத்தில் ஐயா ஒருவர் முன்வைத்த 'வீவு' என்ற சொல் அழகு. உதிர்ந்த பூ வீ, சாவதும் வீதல். சொக்கித்தான் போனேன். ஆனால் அத்தை "எந்த வியூ?" என்பார்.

என் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. கீமோ எடுப்பவரிடம் வெறுமனே 'உதிர்வு' என்றால் கை தலைமுடிக்குத்தான் போகும். அதனால் முன்னால் 'செல்' கட்டாயம் வேண்டும். இனி, உதிர்வைத் தூண்டும் மருந்துக்கு என்ன பெயர்? 'உதிர்ப்பி' என்று யோசித்திருக்கிறேன். யாராவது இதைவிட நல்லதாகச் சொல்லுங்கள்.