நாய் வாக்கிங் தொழில்: மாதா மாதம் ஒரே அளவு வருமானம் வர என்ன மாற்றணும்?

ஓஎம்ஆர்_வாக்கர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். சென்னை ஓஎம்ஆர் பக்கம் நாய்களை வாக்கிங் கூட்டிட்டுப் போற வேலையை முழுநேரமா செய்யறேன். அரை மணி நேர நடைக்கு 150 ரூபாய். 10 நடை கார்டு 1,300 ரூபாய்க்குத் தர்றேன். கஸ்டமருக்குப் பஞ்சமில்லை, ஆனா ஒரு மாசம் 22,000 வருது, அடுத்த மாசம் 11,000-ல நிக்குது. மழை பெய்தா "இன்னிக்கு வேண்டாம்". வீட்ல இருந்து வேலைன்னா "நாங்களே பாத்துக்கறோம்". மே மாசம் பாதிப் பேர் ஊருக்குப் போயிடறாங்க.

சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம், மேடவாக்கம், வேளச்சேரின்னு வண்டி ஓடிக்கிட்டே இருக்கு. ரெண்டு வீட்டு நாய்களைச் சேர்த்துக் கூட்டிட்டுப் போனா சரியாகுமா? சம்பளம் மாதிரி மாசாமாசம் வர என்ன செய்யணும்?

காலை_அஞ்சரை

முதலில் அந்த 10 நடை கார்டை நிறுத்துங்கள். கார்டு வைத்திருப்பவர் தனக்கு வசதிப்படாத நாளில் மட்டும் கூப்பிடுவார், மழையும் விடுமுறையும் உங்கள் தலையில் விழும். நீங்கள் விற்க வேண்டியது நடையை அல்ல, நேரத்தை. "திங்கள் முதல் சனி வரை காலை 6:10 உங்கள் ப்ரூனோவுக்கு" என்று ஒரு ஸ்லாட்டை மாத வாடகைக்கு விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தை நீங்கள் வேறு யாருக்கும் தர முடியாது. கட்டணமும் அதற்குத்தான்.

எத்தனை ஸ்லாட் உங்களிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சென்னை வெயிலில் காலை 5:30 முதல் 8:30 வரைதான் உருப்படியான நேரம், 180 நிமிடம். நடை 30 நிமிடம் என்றாலும் லிஃப்ட், ஹார்னெஸ் (மார்பைச் சுற்றும் பட்டை) மாட்டுவது, திரும்பி வந்து கால் துடைப்பது, தண்ணீர் வைப்பது எல்லாம் சேர்ந்து 40 ஆகிவிடும். ஒரே குடியிருப்புக்குள் இருந்தால் காலையில் 4 நாய். நடுவில் மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு வண்டியை எடுத்தால் 3-தான், பெட்ரோல் தனி. மாலை 5:30 முதல் 9 வரை இதே கணக்கில் 5. ஆக ஒரு நாளைக்கு 9 இடம். ஒன்றைக் காலியாக வைத்து 8-ஐ விற்றால், 26 நாள் × 150 = 3,900 வீதம் மாதம் 31,200 ரூபாய். உங்கள் நல்ல மாதத்தை விட இது அதிகம், நடையின் விலையை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை.

காலியாக விட்ட அந்த ஒன்பதாவது இடம் வீண் இல்லை. நாய் ஓடவே மறுக்கும் நாள், லிஃப்ட் வேலை செய்யாத நாள், புதிய நாயின் சோதனை நடை எல்லாம் அதில் அடங்கும். நிரப்பி வைத்தால் ஒரு வீட்டில் 10 நிமிடம் தாமதமானதும் மீதி எல்லா வீட்டுக்கும் தாமதம் போய்ச் சேரும்.

எனவே அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரே வேலை: அதிக நாய்கள் இருக்கும் ஒரு பெரிய குடியிருப்பையும், அதிலிருந்து நடந்தே போகக்கூடிய இன்னொன்றையும் தேர்ந்தெடுத்து அங்கேயே நிரப்புங்கள். வருவோர் போவோரைப் பதிவு செய்யும் மைகேட் மாதிரி செயலி இருக்கும் இடத்தில் தினசரி வேலையாளாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நுழைவு நேரம் தானாகப் பதிவாவதால் "நேத்து வந்தீங்களா" என்ற பேச்சே வராது. தூரத்து வாடிக்கையாளர்களை உடனே கழற்றிவிட வேண்டாம், இங்கே ஒரு இடம் நிரம்ப நிரம்ப அங்கே ஒன்றை விடுங்கள்.

எல்லாரும் கேட்பது காலை 6:30 – 7:30. அந்த நேரத்துக்கு மாதம் 500 கூட்டிச் சொல்லுங்கள். பக், புல்டாக், ஷிட்சூ மாதிரி மூக்குச் சப்பையான நாய்கள், ஹஸ்கி போல அடர்ந்த முடி உள்ளவை எல்லாம் 5:30-க்கே போக வேண்டியவை. அது அவற்றுக்கும் நல்லது, கூட்ட நேரமும் உங்களுக்கு மிஞ்சும்.

சங்கிலிப்பிடி

மேலே சொன்ன கணக்கு சரி. இரண்டு வீட்டு நாய் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன்: வேண்டாம்.

வெளிநாட்டு வீடியோவில் ஆறு நாயை ஒரே கையில் பிடித்துப் போவார்கள். அங்கே தெருநாய்த் தொல்லை இங்கே போல இல்லை. இங்கே ஒவ்வொரு தெருமுனையும் ஒரு கூட்டத்தின் எல்லை. அவை குரைத்துக்கொண்டு வரும்போது உங்கள் நாயை உடம்புக்குப் பின்னால் இழுத்து, குட்டையாகப் பிடித்து, நிற்காமல் விலகிப் போக இரண்டு கையும் வேண்டும். கையில் இரண்டு நாய் இருந்தால், எதிரியைக் கடிக்க முடியாத கோபத்தில் ஒன்று பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும். அமைதியான லாப்ரடார்கூட இதைச் செய்யும். பிறகு இரண்டு வாடிக்கையாளரும் போய்விடுவார்கள், மருத்துவச் செலவும் உங்களிடம் வரும்.

சட்டமும் இருக்கிறது. விலங்கு யார் வசத்தில் இருக்கிறதோ அவர், அதனால் மனிதருக்கு ஆபத்து வராமல் போதிய கவனம் எடுக்காவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடையின்போது சங்கிலி உங்கள் கையில்தான்.

ஒரே வீட்டில் சேர்ந்து வளரும் இரண்டு நாய் என்றால், மாநகராட்சி விதியைப் பார்த்துக்கொண்டு, செய்யலாம். இரண்டாவதற்கு 60 சதவீதம் கூடுதலாக வாங்கலாம். அதிலும் ஒன்று பெண்ணாக இருந்து ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வந்தால் அந்த மூன்று வாரமும் தனித்தனியாகத்தான். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாதநடை

தம்பி, மாதக் கட்டணம் போட்டால் மட்டும் போதாது, இரண்டாவது மாதமும் அவர்கள் கட்ட வேண்டும். பெரும்பாலும் வாடிக்கையாளர் போவது விலையால் இல்லை, நாய் கையைவிட்டு ஓடியதால், நோய் வந்ததால், அல்லது நீங்கள் காய்ச்சலில் படுத்த வாரம் யாரும் வராததால்.

ஓடிப்போவது பெரும்பாலும் பின்பக்கமாகத்தான். பயந்த நாய் பின்னால் இழுத்தால் ஹார்னெஸ் தலைவழியாகக் கழன்றுவிடும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், மூன்று போனால் தளர்வு. அதோடு ஹார்னெஸ் வளையத்தையும் கழுத்து பெல்ட்டையும் ஒரு சிறு இணைப்பால் சேர்த்து மாட்டுங்கள், ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். லீஷ் (கையில் பிடிக்கும் வார்) 5 அடிக்கு மேல் வேண்டாம். இழுக்க இழுக்க நீளும் சுருள் லீஷைத் தொடவே தொடாதீர்கள். லிஃப்ட் கதவு மூடும்போது நாய் வெளியிலும் கைப்பிடி உள்ளேயும் மாட்டிக்கொண்டால் முடிந்தது கதை. லிஃப்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் லீஷைச் சுருட்டி நாயை முழங்காலோடு ஒட்டிப் பிடியுங்கள்.

வெயில்: புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து 7 விநாடி தாங்க முடியாவிட்டால் நடை கிடையாது. கெட்டியான எச்சில், செங்கல் நிற ஈறு, தள்ளாட்டம் இவை தெரிந்தால் உடனே நிழல், உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர், விசிறி, நேராக மருத்துவர். மழை: வடகிழக்குப் பருவத்தில் தேங்கிய நீருக்குள் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அதில்தான் வரும். அதைவிட உடனடி ஆபத்து ஈபி பெட்டியும் தெருவிளக்குக் கம்பமும். கால்கவசம் இல்லாத நாய்க்குத்தான் கசிவு மின்சாரம் முதலில் பாயும். அப்படிப்பட்ட நாளில் அடித்தள பார்க்கிங்கில் 20 நிமிடம், வீட்டில் மோப்ப விளையாட்டு 10 நிமிடம். வந்து வேலை செய்கிறீர்கள், எனவே கட்டணத்தில் கழிவு கிடையாது. தீபாவளி வாரம் விடியற்காலை, வெடி தொடங்கும் முன் முடித்துவிடுங்கள்.

புதிய நாயை எடுக்கும்முன் எழுதி வாங்க வேண்டியவை: ரேபிஸ் ஊசி தேதி, மாநகராட்சி உரிம எண், மருத்துவர் எண், இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா, எதைக் கண்டு பயப்படும், உண்ணி மருந்து எப்போது போட்டது. முதல் மூன்று நடை காசுக்குத்தான், ஆனால் முதலாவதில் ஓனரும் கூட வர வேண்டும். சாவி தந்தால் அதில் வீட்டு எண்ணை எழுதாதீர்கள், நாயின் பெயர் போதும்.

உங்களுக்கும் ஊசி வேண்டும். தினமும் நாயோடு வேலை செய்பவர் கடி வாங்கும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். பின்னால் கடி பட்டால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும், அதன்பின் 0, 3 நாள்களில் இரண்டு ஊசி, தனியாக இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் மருந்து) தேவைப்படாது. உங்கள் கையிருப்பைக் காலி செய்யும் செலவுகளில் ஒன்று இதனால் குறைகிறது.

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் வாட்ஸாப்பில் இரண்டு வரி: கிளம்பிய நேரம், மூச்சா எத்தனை முறை, கக்கா கெட்டியா தண்ணியா, நொண்டல் உண்டா. ஒரு படம், வீட்டுக் கதவு தெரியாமல். இரண்டு நாள் கழிச்சல் என்பதை ஓனருக்கு முன் நீங்கள் சொன்னீர்கள் என்றால் அவர் உங்களை எளிதில் விடமாட்டார்.

மாற்று ஆள் ஒருவரை இப்போதே பழக்குங்கள். மாதம் ஒரு நடையாவது ஒவ்வொரு நாயோடும் அவர் கூட வரட்டும். உங்களுக்கு முடியாத நாளில் கட்டணத்தில் 70 சதவீதம் அவருக்கு. அதே மாதிரி அவருக்கு நீங்கள்.

ஓஎம்ஆர்_வாக்கர்

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். ஊருக்குப் போற மாசம் முழுப் பணம் கேட்டா சண்டைக்கு வருவாங்களே? பகல்ல 9-ல இருந்து 5 வரைக்கும் சும்மா இருக்கேன், அதை எப்படி நிரப்பறது?

காலை_அஞ்சரை

முழுப் பணம் கேட்காதீர்கள். தொடர்ந்து 7 நாள் வரை இல்லாவிட்டால் கழிவு இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் பாதி, ஸ்லாட் அவருக்கே இருக்கும். பாதியும் தர மனமில்லையா, ஸ்லாட்டை விட்டுவிடலாம், திரும்பி வரும்போது எது காலியோ அது. இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்தால் காலை 6:30 வைத்திருப்பவர் பாதியைக் கட்டிவிடுவார். ஆனால் இது ஏப்ரலில் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை, சேரும் நாளில் ஒரு பக்கத் தாளில் இருக்க வேண்டும். அதே தாளில் "ஒவ்வொரு ஏப்ரலிலும் கட்டணம் மாறும், 30 நாள் முன் சொல்வோம்" என்பதும் இருக்கட்டும். பணம் 1 முதல் 5-ஆம் தேதிக்குள் முன்கூட்டியே. வங்கிச் செயலியில் மாதாந்திரப் பரிமாற்றம் போட்டு வைக்கச் சொல்லுங்கள், நினைவூட்டும் சங்கடம் இருவருக்கும் இல்லை. ஜூன் முதல் மார்ச் வரை வரவில் 5 சதவீதம் ஒதுக்கினால் மே மாதப் பள்ளத்தை அதுவே தாங்கும்.

பகலுக்கு நடை வேண்டாம், வெயில். வீட்டுக்கே போய்ச் செய்யும் 15 நிமிட வேலைகளைப் பாருங்கள்: வயதான நாயைச் சிறுநீர் கழிக்கக் கீழே கூட்டிப்போவது, மருந்து கொடுப்பது, ஊருக்குப் போனவர்களின் பூனைக்குச் சாப்பாடு. எனக்குப் பிடித்தது குட்டிகள். சுமார் 16 வாரத்தில் தடுப்பூசி வரிசை முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது, ஆனால் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் மதியம் யாராவது வந்தே ஆக வேண்டும். பழக்கமும் கழிப்பிடப் பயிற்சியும் உங்களால் நடந்தால், ஊசி முடிந்து மருத்துவர் சரி சொன்னதும் அது உங்கள் காலை ஸ்லாட் வாடிக்கையாளர்.

பாதநடை

குட்டி வீடு என்றால் ஒன்று சேர்க்கிறேன். பார்வோ (குட்டிகளைக் கொல்லக்கூடிய வயிற்றுப்போக்கு நோய்) கிருமி செருப்பில் வரும், சோப்பால் சாகாது. வீட்டு ப்ளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து அடிப்பாகத்தை நனைத்து 10 நிமிடம் விட வேண்டும். அதைவிட சுலபம், அந்த வீட்டுக்கென்று தனிச் செருப்பு. கழிச்சல் உள்ள நாய் வீட்டுக்குப் போன அன்று குட்டி வீட்டுக்குப் போகவே வேண்டாம், மாற்று ஆளை அனுப்புங்கள்.

இப்போது கார்டு வைத்திருப்பவர்களிடம் மீதி உள்ள நடைகளைக் காலாவதி ஆக்கிவிடாதீர்கள். நடைக்கு 130 என்று கணக்குப் போட்டு முதல் மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். மாதக் கட்டணத்துக்கு வர விரும்பாதவர்களுக்கு அந்தந்த நாள் அழைப்பு 250, அதுவும் ஒன்பதாவது இடம் காலியாக இருந்தால் மட்டும்.