பிடிஎஃப்லாடெக்கில் வந்த சிவப்பு ஸீலாடெக்கில் வரவில்லை: ஒரே மேக்ரோ எல்லா எஞ்சினிலும் ஓடுமா?

கணக்குநோட்டு எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரே அறையில் லாடெக் (உரையையும் கட்டளைகளையும் எழுதிக் கொடுத்தால் பக்கத்தை அமைத்துத் தரும் மென்பொருள்) வைத்துப் பக்க அமைப்பு வேலை செய்கிறேன். பெரும்பாலும் பத்தாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டிகள். 2012-இல் ஓர் ஆங்கில வழிப் புத்தகத்துக்காக நானே ஒரு மேக்ரோ (சில கட்டளைகளை ஒரே பெயரில் கட்டிவைப்பது) எழுதினேன். மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடங்களில் வரும் ‘கவனி’ குறிப்பைச் சிவப்பில் காட்டுவதுதான் அதன் வேலை. கலர் பேக்கேஜ் (நிறத்துக்கான துணைத் தொகுப்பு) எதையும் சேர்க்கவில்லை. எழுதியதை அப்படியே பிடிஎஃப் கோப்புக்குள் செருகும் பிடிஎஃப்லிட்டரல் கட்டளைக்குள் ‘1 0 0 ஆர்ஜி’ என்று நேரடியாக எழுதுவேன், குறிப்பு முடிந்ததும் ‘0 0 0 ஆர்ஜி’ என்று கருப்புக்குத் திரும்பிவிடுவேன். இரண்டே வரி. இத்தனை வருடமாக அதை வைத்துத்தான் வேலை ஓடுகிறது.

இந்த வருடம் அதே புத்தகம் தமிழ் வழியிலும் வருகிறது. லாடெக்கை ஓட்டப் பல எஞ்சின்கள் உண்டு; தமிழ் எழுத்துருவுக்காக பிடிஎஃப்லாடெக்கை விட்டு ஸீலாடெக்குக்கு மாறினேன். முதல் கம்பைலிலேயே, பிடிஎஃப்லிட்டரல் என்றால் என்னவென்றே தெரியாது என்று நின்றுவிட்டது. லுவாலாடெக்கிலும் அதே பதில். தேடிப் பார்த்து, ஸ்பெஷல் கட்டளைக்குள் ‘கலர் புஷ்’, முடிவில் ‘கலர் பாப்’ என்று மாற்றினேன். ஸீலாடெக்கில் அழகாகச் சிவப்பு வந்தது. அதே கோப்பை ஆங்கிலப் பதிப்புக்கும் வைத்தால் பிடிஎஃப்லாடெக்கில் எல்லாமே கருப்பு. பிடிஎஃப் அல்லாத ஸ்பெஷலைப் புறக்கணித்தேன் என்று லாக்கில் ஓர் எச்சரிக்கை மட்டும் இருக்கிறது.

இதோடு, பழைய ஆங்கிலப் பதிப்பிலேயே தீராத இரண்டு தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ‘கவனி’ குறிப்பு பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்துக்குப் போனால், முதல் பக்கத்தின் பக்க எண் சிவப்பாகிவிடும். அடுத்த பக்கத்தில் மீதிக் குறிப்பு கருப்பாக வரும். மேலே உள்ள அத்தியாயத் தலைப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. இன்னொன்று அச்சில் வந்தது. ஒரே பக்கத்தில், குறிப்புக்கு மேலே உள்ள எழுத்து கூர்மையாகவும் கீழே உள்ள எழுத்து ஓரத்தில் நிறம் கசிந்த மாதிரி மசங்கலாகவும் இருந்தது. அச்சகத்தில் கேட்டதற்கு, கோப்பு அப்படித்தான் வந்தது என்றார்கள். திரையில் இரண்டும் ஒரே கருப்பு.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி மேக்ரோ வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

---

பக்கக்கோப்பாளர் எழுதியது:

தனி மேக்ரோ வேண்டாம். நீங்கள் சொன்ன தொல்லைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாடெக்கின் அடியில் ஓடும் நிரலான டெக்குக்கு நிறம் என்றால் என்னவென்றே தெரியாது. அதை உருவாக்கிய டொனால்ட் க்னூத் அதற்காக எதுவும் வைக்கவில்லை. அவர் வைத்ததெல்லாம் ஸ்பெஷல் என்ற ஒரு ஜன்னல்தான். அதற்குள் நாம் என்ன எழுதினாலும் டெக் அதைப் படிக்காமல், அந்த இடத்தில் அப்படியே வெளியீட்டுக் கோப்பில் செருகிவிடும். அதைப் படித்துப் பொருள் கொள்வது பின்னால் வரும் நிரல். டிவிஐபிஎஸ் என்ற நிரலுக்குப் புரிந்த பேச்சுத்தான் கலர் புஷ்ஷும் கலர் பாப்பும். ஸீடெக்குக்குப் பின்னால் எக்ஸ்டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ் என்ற நிரல் ஓடுகிறது, அதற்கும் அந்தப் பேச்சு தெரியும். அதனால்தான் உங்களுக்குச் சிவப்பு வந்தது. பிடிஎஃப்டெக் அப்படியில்லை, அதுவே நேராக பிடிஎஃப் எழுதிவிடுகிறது. பின்னால் வேறு நிரல் கிடையாது. ‘பிடிஎஃப்’ என்று தொடங்காத ஸ்பெஷல் அதற்கு வெறும் சத்தம்.

லுவாடெக்கும் நேராக பிடிஎஃப் எழுதுவதுதான். ஆனால் டெக் லைவ் 2016-இலிருந்து அதில் பழைய கட்டளைப் பெயர்கள் இல்லை. பிடிஎஃப்லிட்டரல் செய்த வேலையை இப்போது பிடிஎஃப்எக்ஸ்டென்ஷன் என்ற ஒரே கட்டளை செய்கிறது.

இனி உங்கள் சிவப்புப் பக்க எண். நீங்கள் எழுதிய ‘1 0 0 ஆர்ஜி’ பிடிஎஃப் மொழியின் சொந்தக் கட்டளை. இந்த இடத்திலிருந்து நிரப்பும் நிறம் சிவப்பு என்று அர்த்தம். மறுபடி மாற்றும் வரை, அல்லது அந்தப் பக்கம் முடியும் வரை அது நிற்கும். ஒவ்வொரு பக்கமும் பிடிஎஃப்பில் புதிதாகக் கருப்பிலிருந்துதான் தொடங்கும். பக்கத்தை எங்கே வெட்டுவது என்று டெக் முடிவெடுப்பதோ நீங்கள் பத்தியை எழுதி முடித்த பிறகு. ஆக, வெட்டு உங்கள் குறிப்பின் நடுவே விழுந்தால், கருப்புக்குத் திரும்பும் வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. முதல் பக்கத்தில் உடலுக்குப் (நடுவில் வரும் உரைக்குப்) பிறகு எழுதப்படும் பக்க எண் சிவப்பில் மாட்டிக்கொள்கிறது. அத்தியாயத் தலைப்பு உடலுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுவதால் தப்பிக்கிறது.

இதற்கான மருந்து நிற அடுக்கு. பிடிஎஃப்டெக் 1.40 பதிப்பில், 2007-இல், பிடிஎஃப்கலர்ஸ்டாக் என்ற கட்டளை வந்தது. இப்போது நடப்பில் உள்ள நிறம் எது என்பதை எஞ்சினே நினைவில் வைத்திருந்து, புதுப் பக்கத்தின் தொடக்கத்தில் அதை மறுபடி எழுதிவிடும். லுவாடெக்கிலும் அது இருக்கிறது. எக்ஸ்டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ் தன் புஷ், பாப் அடுக்கைப் பக்கம் தாண்டியும் காப்பாற்றுகிறது. பக்க எண்ணைப் போடும்போது லாடெக் நார்மல்கலர் என்ற கட்டளையை அழைக்கும். கலர் பேக்கேஜ் இல்லாவிட்டால் அது வெற்றுக் கட்டளை. நீங்கள் பேக்கேஜே சேர்க்காததால் லாடெக் உங்களுக்காக ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த மூன்று பேச்சையும் ஏற்கனவே எழுதிவைத்த டிரைவர் கோப்புகள் எல்லா டெக் நிறுவலிலும் இருக்கின்றன. டேவிட் கார்லைல் எழுதிய கலர் பேக்கேஜும், ஊவே கெர்ன் எழுதிய எக்ஸ்கலரும் அவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. எழுத்துக்கு நிறம் தரும் அவற்றின் கட்டளையான டெக்ஸ்ட்கலரை நீங்கள் எழுதினால் போதும். எந்த எஞ்சின் ஓடுகிறது என்று பார்த்துச் சரியான டிரைவரை அவையே எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு விதிவிலக்கு: டிவிஐ கோப்பு (பிடிஎஃப்புக்குப் பதிலாக டெக் எழுதும் இடைநிலைக் கோப்பு) எடுத்து அதை டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ் வழியாக அனுப்புவதானால், அந்தப் பெயரை நீங்களே ஆவண வகுப்பின் விருப்பமாகக் கொடுக்க வேண்டும். டிவிஐயை அப்புறம் யார் படிக்கப்போகிறார்கள் என்று எஞ்சினுக்குத் தெரிய வழியில்லை.

ஓர் எச்சரிக்கை. நடப்பு நிறத்தை லாடெக் ஓர் உள் மேக்ரோவில் வைத்திருக்கிறது. அதை எடுத்துத் தன் லிட்டரலுக்குள் செருகும் பழைய மேக்ரோக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிடிஎஃப்டெக்கில் அதற்குள் ‘1 0 0 ஆர்ஜி’ இரண்டு முறை இருக்கும், சிறிய எழுத்தில் நிரப்பும் நிறம், பெரிய எழுத்தில் கோட்டு நிறம். ஸீடெக்கில் அதே மேக்ரோவில் ‘ஆர்ஜிபி 1 0 0’ என்று இருக்கும். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

மாற்றிய பிறகு இன்னொன்று கண்ணில் படலாம். மேல் வரியால் சீர்செய்த பெட்டிக்குள் முதல் காரியமாக நிறத்தை மாற்றினால், உள்ளே இருப்பது ஒரு வரி கீழே இறங்கிவிடும். நிறக் கட்டளை கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிச்சாக முதலில் போய் உட்கார்ந்துகொள்வதால், பெட்டியின் உயரத்தை டெக் சுழி என்று எடுத்துக்கொள்கிறது. நிறத்துக்கு முன்னால் லீவ்விமோட் என்று ஒன்றைப் போடுங்கள், சரியாகிவிடும். டெக்ஸ்ட்கலரில் இது உள்ளேயே இருக்கிறது.

---

ஆஃப்செட்பிளேட் எழுதியது:

அந்த மசங்கல் எழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அச்சகத்தில் பிளேட் (ஒவ்வொரு மைக்கும் ஒன்றாக வரும் அச்சுத் தகடு) போடும் பக்கம் பல வருடம் இருந்தவன். அச்சகம் சொன்னது உண்மைதான்.

உங்கள் பக்கம் தொடங்கும்போது டெக் தரும் கருப்பு சாம்பல் அளவில் 0. அது கருப்புப் பிளேட்டில் மட்டும் விழும். குறிப்பு முடிந்ததும் நீங்கள் எழுதிய ‘0 0 0 ஆர்ஜி’ பழைய நிறத்துக்குத் திரும்புவது இல்லை, ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு) கருப்பு என்ற இன்னொரு நிறம் அது. அச்சகத்தில் ஆர்ஜிபியை நான்கு மைக்கு மாற்றும்போது அந்தக் கருப்பு சயான், மஜென்டா, மஞ்சள், கருப்பு நான்கிலும் பிரிந்து விழுகிறது. 10 பாயின்ட் எழுத்தை நான்கு பிளேட்டில் போட்டு ரெஜிஸ்டர் (பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) மயிரிழை விலகினாலும் ஓரத்தில் நிறம் தெரியும். அதனால்தான் குறிப்புக்கு மேலே கூர்மை, கீழே மசங்கல். நீங்கள் பார்த்துச் சொன்ன விதத்திலேயே விடை இருந்தது, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்.

எக்ஸ்கலரை ‘சிஎம்ஒய்கே’ விருப்பத்தோடு சேர்த்தால் எல்லா நிறத்தையும் நான்கு மைக் கணக்குக்கு மாற்றிவிடும், கருப்பு கருப்புப் பிளேட்டில் மட்டும் நிற்கும். படம் வரையும் டிக்ஸ் பேக்கேஜைப் பயன்படுத்துகிறீர்களா? அது எக்ஸ்கலரைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் விருப்பம் கொடுத்தால் சண்டை வரும். அதனால் எக்ஸ்கலரை முதலில் எழுதுங்கள். டிவிஐபிஎஸ் காலத்து 68 நிறப் பெயர்கள் நான்கு மைக் கணக்கிலேயே வரையறுத்தவை. ‘ரெட்’ என்ற சாதாரணப் பெயரோ ஆர்ஜிபி. விருப்பம் இல்லாமல் இரண்டையும் கலந்தால் ஒரே கோப்பில் இரண்டு கணக்கு ஓடும்.

இன்னொரு கேள்வி. உங்கள் புத்தகம் இரண்டு கலர் வேலைதானே? அப்படியென்றால் சிவப்பே வேண்டாம். நான்கு மைக் கணக்கில் சிவப்பு என்பது மஜென்டாவும் மஞ்சளும் சேர்ந்தது, கருப்போடு மூன்று பிளேட் ஆகிவிடும். ‘கவனி’ நிறத்துக்கு ஒரு சொந்தப் பெயர் வைத்து 0, 1, 0, 0 என்று மஜென்டா மட்டும் கொடுங்கள். அச்சில் அந்தப் பிளேட்டுக்குச் சிவப்பு மை ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். திரையில் குறிப்பு ரோஜா நிறமாகத் தெரியும். பதிப்பாளருக்கு புரூஃப் அனுப்பும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி 11 மணிக்குப் போன் வரும்.

கோப்பை அனுப்புமுன், பிடிஎஃப்பைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலில் இங்க்கவ் என்ற சாதனத்தைக் கொடுத்து ஓட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு வரியாக நான்கு எண் தரும்: சயான், மஜென்டா, மஞ்சள், கருப்பு எவ்வளவு என்று. உங்கள் வேலையில் முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் எல்லாப் பக்கத்திலும் சுழியாக இருக்க வேண்டும். இல்லாத பக்கத்தில் ஏதோ ஆர்ஜிபி ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் வெளியிலிருந்து சேர்த்த படமாக இருக்கும். எக்ஸ்கலர் படங்களைத் தொடாது.

---

கணக்குநோட்டு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றிவிட்டேன். நிறத்தைப் பற்றி இப்போது மேக்ரோவில் இருப்பது ஒரே வரி: ‘கவனிநிறம்’ என்று நான் வரையறுத்த பெயரோடு டெக்ஸ்ட்கலர். அதே கோப்பு ஸீலாடெக்கில் தமிழ்ப் பதிப்புக்கும் பிடிஎஃப்லாடெக்கில் ஆங்கிலப் பதிப்புக்கும் ஒன்றுபோல ஓடுகிறது. லுவாலாடெக்கிலும் ஓட்டிப் பார்த்தேன், சரி. பக்க எண் எங்கேயும் சிவப்பாகவில்லை.

இங்க்கவ் ஓட்டியதில் 184 பக்கங்களில் 6 பக்கங்கள் மாட்டின. நீங்கள் சொன்னபடியே படங்கள்தான், வரைபடத்தாளை ஸ்கேன் செய்து போட்டவை. சாம்பல் அளவுக்கு மாற்றிச் சேர்த்ததும் எல்லாம் சுழி. பழைய பதிப்புக்காக அச்சகத்தாரிடம் அன்று குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். தப்பு என் கோப்பில்தான் இருந்தது என்று இன்று காலை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வேலைக்காக இன்னொன்று கேட்கிறேன். தொடக்கப் பள்ளி எழுத்துப் பயிற்சி நூல் ஒன்று வருகிறது. ‘கொ’ என்று போட்டு, ககரத்தைக் கருப்பிலும், ஒற்றைக் கொம்பையும் காலையும் மட்டும் சிவப்பிலும் காட்டச் சொல்கிறார் ஆசிரியர். ககரத்துக்குப் பிறகு உயிர்க்குறியை மட்டும் டெக்ஸ்ட்கலருக்குள் போட்டால், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று வந்து நிற்கிறது.

---

பக்கக்கோப்பாளர் எழுதியது:

நிறத்துக்காகச் செருகப்படும் ஸ்பெஷல் எழுத்துத் தொடரை அந்த இடத்தில் வெட்டிவிடுகிறது. ககரம் ஒரு துண்டு, உயிர்க்குறி ஒரு துண்டு என்று தனித்தனியாகப் போய்ச் சேர்கின்றன. தாங்க மெய் இல்லாத உயிர்க்குறிக்கு அடியில் புள்ளி வட்டம் வைப்பது எழுத்துக்கோக்கும் நூலகத்தின் வழக்கம்.

ஸீடெக்கில் இதற்கு ஒரு கட்டளை இருக்கிறது, ஸீடெக்கிளிஃப். எழுத்துருவுக்குள் அந்த வடிவத்தின் வரிசை எண்ணைக் கொடுத்தால், எழுத்துகளைக் கோக்கும் வேலை எதுவும் செய்யாமல் அந்த வடிவத்தை மட்டும் வைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுங்கள்: கொம்பின் எண் சிவப்பில், பிறகு சாதாரண ககரம், பிறகு காலின் எண் சிவப்பில். எண் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். அதனால் மூன்று இடத்தில் எண்ணை எழுதாமல் மேலே ஒரே இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்த பிடிஎஃப்பில் ‘கொ’ என்று தேடினால் கிடைக்காது. அச்சுக்கு அது பரவாயில்லை, பிள்ளைகளுக்கு மின்நூலாகவும் தருவதானால் அக்ஸப் பேக்கேஜை வைத்து உண்மை உரையைக் கூடவே பதியுங்கள்.

ஆசிரியரிடம் ஒன்றை இப்போதே சொல்லிவிடுங்கள். கு, கூ, மு, மூ போன்றவை பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவமாக வரைந்தவை. அவற்றில் உகரக் குறிக்கென்று தனி எண் இல்லை. அந்த வரிசைக்கு முழு எழுத்தையும் சிவப்பில் போட்டு, அதன் மேல் கருப்புப் பிரதியை டிக்ஸின் கிளிப் கொண்டு வெட்டி வைக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை ஒவ்வொரு எழுத்துக்கும் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். உகர, ஊகார வரிசை இரண்டுக்கும் 36 எழுத்து, ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.