கர்னல் டிரைவரில் தவறான உள்ளீடு வந்தால் என்ன செய்வது?

கேள்வி (டர்பன்):
வணக்கம். கல்லூரித் திட்டத்திற்காக லினக்ஸ் கர்னலுக்கான (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) ஒன்றை எழுதி வருகிறேன். பயனர் நிரல் தவறான நீளத்தையோ செல்லாத முகவரியையோ அனுப்பினால், கர்னலில் கடும் பிழை என அறிவிக்கும் பக்() (BUG) அழைத்து நிறுத்திவிடலாமா?

பதில் (சாட்ஸ்வொர்த்):
கூடவே கூடாது, தம்பி. அப்படிச் செய்தால் சாதாரணப் பயனர் எவரும் கணினியையே முடக்கிவிட முடியும். நீளத்தை முதலில் சரிபார்த்து, வரம்பு மீறினால் -ஈஇன்வால் (EINVAL, செல்லாத உள்ளீடு என்னும் பிழைக் குறி) திருப்புங்கள்; காப்பி_ஃப்ரம்_யூசர் (copy_from_user, பயனர் நினைவகத்திலிருந்து தரவை நகலெடுக்கும் செயற்கூறு) நகலெடுக்க இயலாத பைட்டுகளின் எண்ணிக்கையையே தரும் என்பதால், அது சுழியமல்லாதபோது அந்த எண்ணை அப்படியே அனுப்பாமல் -ஈஃபால்ட் (EFAULT, தவறான முகவரி என்னும் பிழைக் குறி) அனுப்ப வேண்டும்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
சரிபார்த்த நீளத்தைப் பயனர் நினைவகத்திலிருந்து மீண்டும் படித்தால், இடையில் மற்றொரு த்ரெட் (அதே நிரலில் இணையாக ஓடும் பகுதி) அதை மாற்றியிருக்கக்கூடும். ஆகவே ஒருமுறை மட்டும் நகலெடுத்து, அந்த நகலையே இறுதிவரை பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தவறான அழைப்புக்கும் பிரிண்ட்கே (printk, கர்னல் பதிவில் செய்தி எழுதும் செயற்கூறு) எழுதவும் வேண்டாம். பதிவு நிரம்பி, முக்கியமான செய்திகள் அழிந்துபோகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அண்ணா. அறியாத ஐஆக்டல் (ioctl, சாதனத்திற்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) எண் வந்தால்?

பதில் (சாட்ஸ்வொர்த்):
-ஈநாட்டிடிஒய் (ENOTTY, இந்தச் சாதனத்திற்குப் பொருந்தாத கட்டளை என்னும் பிழைக் குறி).